கோபுரத்தை எடுத்துவிட்டுப் பட்டம் விட்டவர்கள்: மக்கானி பற்றி ஒரு நிகழ்வு ஆய்வு

காற்றிலிருந்து மின்சாரம் என்றாலே உயரமான கோபுரமும் அதன் உச்சியில் மூன்று இறக்கைகளும்தான் எல்லோர் கண்ணிலும் வந்து நிற்கும். இந்த உருவத்தை மாற்றிப் பார்க்கப் பலர் முயன்றிருக்கிறார்கள். ஸ்பெயினில் மன்சனாரெஸ் என்ற ஊரில் 1982-இல் 195 மீட்டர் உயரத்துக்கு ஒரு புகைபோக்கி கட்டி, அதன் அடியில் கூரை போட்டு வெயிலில் காற்றைச் சூடாக்கி, அது மேலே ஏறும் வேகத்தில் டர்பைனைச் சுற்ற வைத்தார்கள். 50 கிலோவாட் அளவுள்ள அந்தச் சோதனை நிலையம் 1989-இல் புயலில் சரிந்து விழுந்தது. பிற்பாடு அதே நாட்டில் வோர்டெக்ஸ் பிளேட்லெஸ் என்ற நிறுவனம் சுற்றும் இறக்கையே வேண்டாம் என்று, காற்றில் அதிரும் கம்பத்தை வைத்து மின்சாரம் எடுக்கப் பார்த்தது. இப்படி நிறைய உண்டு. ஆனால் இவற்றில் உட்கார்ந்து விரிவாகப் படிக்க வேண்டியது என்றால் நான் பட்டத்தைப் பறக்கவிட்டு மின்சாரம் எடுக்கப் பார்த்த, கலிபோர்னியாவில் தொடங்கிய மக்கானி நிறுவனத்தைத்தான் சொல்வேன். பெரிய நிறுவனத்தின் பணம், நல்ல பொறியாளர்கள், பதினான்கு வருட உழைப்பு என எல்லாம் இருந்தும் 2020-இல் மூடிவிட்டார்கள், மூடும்போது தாங்கள் கண்டதை எல்லாம் ஒளிக்காமல் வெளியே வைத்துவிட்டுப் போனார்கள். தோற்ற ஒரு தொழில்நுட்பத்தை இவ்வளவு கிட்டத்தில் போய்ப் பார்க்கும் வாய்ப்பு அபூர்வம்.

யோசனையில் தப்பு இல்லை

முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் "பட்டம் விட்டு மின்சாரமா" என்று சிரித்துவிட்டுப் போகிறவர்கள் அதிகம். அடிப்படை இயற்பியல் இந்த யோசனையின் பக்கம்தான் இருக்கிறது.

சாதாரணக் காற்றாலையின் இறக்கையை எடுத்துக்கொள்ளுங்கள். மையத்திலிருந்து பாதி நீளம் வரை உள்ள பகுதி சுற்றும்போது மொத்த வட்டப் பரப்பில் கால் பங்கைத்தான் கடக்கிறது, மீதி முக்கால் பங்கைக் கடப்பது வெளிப்பாதி. நுனிதான் வேகமாகப் போகிறது, நுனிதான் நிறையக் காற்றைச் சந்திக்கிறது. அப்படியானால் அடித்தளத்துக் கான்கிரீட், பல நூறு டன் எஃகுக் கோபுரம், உச்சியில் இருக்கும் பெட்டி, இறக்கையின் தடித்த அடிப்பாகம் எல்லாம் எதற்கு? அந்த நுனியை உயரத்தில் பிடித்துக்கொண்டிருப்பதற்கு. நுனியை மட்டும் வைத்துக்கொண்டு மற்றதை எல்லாம் ஒரு கயிறாக மாற்றிவிட முடியுமா என்பதுதான் கேள்வி.

முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியவர் மைல்ஸ் லாயிட். லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் இருந்தவர், 1980-இல் கட்டுரையாக வெளியிட்டார். பட்டம் விட்டவர்களுக்கு ஒன்று தெரியும்: பட்டம் ஒரே இடத்தில் நிற்கும்போது நூல் மெதுவாகத்தான் இழுக்கும், அது பக்கவாட்டில் சீறிக்கொண்டு பாயும்போது விரலை அறுத்துவிடும். லாயிட் சொன்னதும் அதேதான். காற்றுக்குக் குறுக்கே பட்டம் பாயும்போது அதன் மீது படும் காற்றின் வேகம் வீசும் காற்றின் வேகத்தைப் போலப் பல மடங்கு ஆகிவிடுகிறது. சி-5ஏ என்ற ராட்சத ராணுவ விமானத்தின் அளவுக்கு ஒரு பட்டம் இருந்தால், நொடிக்கு 10 மீட்டர் காற்றில் 6.7 மெகாவாட் எடுக்கலாம் என்று அந்தக் கட்டுரையில் இருக்கிறது. 1980-இல் ஓடிக்கொண்டிருந்த எந்தக் காற்றாலையை விடவும் அது பெரிய அளவு.

அவருடைய வாய்பாட்டை வைத்து நாமும் ஒரு கணக்குப் போடலாம். பட்டத்தின் தூக்குக் குணகம் (இறக்கை எவ்வளவு நன்றாகத் தூக்குகிறது என்பதைச் சொல்லும் எண்) 1.5, கயிற்றின் இழுவையையும் சேர்த்து தூக்குவிசைக்கும் இழுவைக்கும் (காற்று எதிர்த்துத் தடுக்கும் விசைக்கும்) உள்ள விகிதம் 8 என்று வைத்துக்கொண்டால், ஒரு சதுர மீட்டர் இறக்கை, ஒரு சதுர மீட்டர் பரப்பில் வீசும் காற்றில் உள்ள ஆற்றலைப் போல 14 மடங்கு எடுக்கும். 10 மீட்டர் காற்றில் சதுர மீட்டருக்கு 8.5 கிலோவாட். இது எடை, கயிற்றின் சாய்வு எதையும் கணக்கில் சேர்க்காத சுத்தமான காகிதக் கணக்கு. இந்த "எதையும் சேர்க்காத" என்ற இடத்துக்குப் பிறகு வருகிறேன், மக்கானியின் மொத்தப் பிரச்சினையும் அங்கேதான் இருக்கிறது.

லாயிட் இரண்டு வழிகள் சொன்னார். ஒன்று, பட்டம் கயிற்றை இழுத்துக்கொண்டு போக, அந்த இழுப்பில் தரையில் உள்ள உருளை சுற்றி ஜெனரேட்டரை ஓட்டுவது, கயிறு முடிந்ததும் பட்டத்தைத் தளர்த்தித் திரும்பச் சுற்றிக்கொள்வது. இன்னொன்று, பட்டத்தின் மேலேயே விசிறி மாதிரி சின்னச் சின்ன சுழலிகளையும் ஜெனரேட்டர்களையும் வைத்து, மின்சாரத்தைக் கயிறு வழியாகக் கீழே இறக்குவது. மக்கானி எடுத்தது இரண்டாவது வழி.

ஆட்களும் எந்திரமும்

2006-இல் கலிபோர்னியாவின் அலமேடாவில் சால் கிரிஃபித், டான் மாண்டேக், கார்வின் ஹார்டம் ஆகியோர் தொடங்கினார்கள். கடல் அலையில் பட்டம் கட்டிச் சறுக்கும் விளையாட்டில் ஊறியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருந்தார்கள், அதனால் பட்டத்தின் இழுப்பு எப்படி இருக்கும் என்பது அவர்களுக்குக் கையில் தெரிந்த விஷயம். தொடக்கத்திலேயே கூகுள் பணம் போட்டது, பிறகு அமெரிக்க எரிசக்தித் துறையின் ஆய்வு நிதியும் கிடைத்தது. துணிப் பட்டத்தில் ஆரம்பித்தவர்கள் சீக்கிரமே கெட்டியான விமான இறக்கைக்கு மாறினார்கள். 2012-இல் ஹார்டம் 38 வயதில் இறந்துபோனார். அடுத்த வருடம், 8 மீட்டர் இறக்கையும் 20 கிலோவாட் திறனும் கொண்ட அவர்களுடைய சோதனைப் பட்டம், கிளம்புவதிலிருந்து இறங்குவது வரை மனிதர் கை படாமல் தானே பறந்து காட்டியது. அதே 2013-இல் கூகுள் நிறுவனத்தையே வாங்கி, புது முயற்சிகளைச் செய்து பார்க்கும் தன் எக்ஸ் பிரிவில் சேர்த்துக்கொண்டது.

அப்புறம் ஒரே தாவல். 20 கிலோவாட்டிலிருந்து நேராக 600 கிலோவாட். எம்600 என்று பெயர். 26 மீட்டர் இறக்கை, அதன் மேல் 8 சுழலிகள், சுமார் 1,700 கிலோ எடை, சுமார் 440 மீட்டர் கயிறு. கயிறு என்று சொல்கிறோமே தவிர அது கார்பன் ஃபைபர் தண்டின் மேல் அலுமினியக் கம்பிகளைச் சுற்றிய ஒரு கேபிள். ஆயிரக்கணக்கான வோல்ட் நேர்மின்சாரத்தை அது சுமக்க வேண்டும், ஒவ்வொரு சுற்றிலும் ஏறி இறங்கும் இழுவிசையையும் தாங்க வேண்டும், அதே சமயம் மெல்லியதாகவும் இருக்க வேண்டும், ஏனென்றால் பட்டத்தோடு அதன் மேல்முனையும் அதே வேகத்தில் காற்றைக் கிழித்துக்கொண்டு போகிறது. பட்டம் ஒரு வட்டம் அடித்தால் கேபிளில் ஒரு முறுக்கு ஏறும். அதைக் கழற்றுவதற்குத் தரையில் கேபிள் வந்து சேரும் இடத்தில் கூடவே சுழன்று கொடுக்கும் அமைப்பு ஒன்று தனியாகத் தேவைப்பட்டது. இந்த மாதிரி சின்ன விஷயங்களைப் படிக்கும்போதுதான் கோபுரம் நமக்கு எவ்வளவு வேலைகளைச் சத்தமில்லாமல் செய்து கொடுக்கிறது என்று புரிகிறது.

எம்600 பறக்கும் விதம் இப்படி. தரையில் உள்ள தாங்கியில் மூக்கு மேலே பார்க்கத் தொங்கிக்கொண்டிருக்கும். கிளம்பும்போது 8 சுழலிகளும் மின்சாரத்தை வாங்கிக்கொண்டு ஹெலிகாப்டர் மாதிரி அதை மேலே தூக்கும், கேபிள் உருளையிலிருந்து அவிழ்ந்துகொண்டே போகும். முழு நீளமும் போனதும் பட்டம் சாய்ந்து வேகம் பிடித்துக் காற்றுக்குக் குறுக்கே வட்டமடிக்கத் தொடங்கும். அந்த நொடியிலிருந்து மின்சாரம் வாங்கிய அதே சுழலிகள் மின்சாரம் கொடுக்க ஆரம்பிக்கும். இறங்க வேண்டுமென்றால் எல்லாம் தலைகீழாக. இந்த இரண்டு மாறுதல்களும், அதாவது மிதப்பதிலிருந்து பறப்பதற்கும் பறப்பதிலிருந்து மிதப்பதற்கும் போகும் அந்தச் சில நொடிகள், பட்டத்தைத் தானே ஓட்டும் ஆட்டோபைலட்டுக்குக் கடினமான கட்டங்கள்.

ஒரு சுற்றுக்கு ஒரு யூனிட்

இப்போது எடைக்கு வருவோம். காகிதக் கணக்கில் எடை இல்லை. நிஜத்தில் 1,700 கிலோ இருக்கிறது. வட்டத்தின் குறுக்களவு 200 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். கீழிருந்து மேலே ஏற அந்த எடையை 200 மீட்டர் தூக்க வேண்டும். பெருக்கிப் பார்த்தால் 3.3 மெகாஜூல், அதாவது நம் வீட்டு மீட்டரில் கிட்டத்தட்ட ஒரு யூனிட். பத்து நொடியில் ஏறுகிறது என்றால், ஏறும் நேரம் முழுக்க 330 கிலோவாட் அந்தத் தூக்கலுக்கே போகிறது. 600 கிலோவாட் எந்திரத்தில்!

இறங்கும்போது அது திரும்பக் கிடைத்துவிடுமே என்று கேட்கலாம். கிடைக்கும், முழுசாகக் கிடைக்காது. சுழலியில் கொஞ்சம், ஜெனரேட்டரில் கொஞ்சம், கேபிளில் கொஞ்சம் என்று ஒவ்வொரு முறையும் கழிவு போகும். வேகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து ஏறலாம், ஆனால் வேகம் குறைந்தால் எடுக்கும் மின்சாரமும் குறையும், கட்டுப்பாடும் தளரும். நல்ல காற்றில் இதெல்லாம் பெரிதாகத் தெரியாது. காற்று மிதமாக இருக்கும் நாளில்தான் சிக்கல், வட்டத்தின் ஏறும் பாதியில் பட்டம் மின்சாரம் கொடுப்பதை விட்டு வாங்கத் தொடங்கிவிடும். ஒரு காற்றாலையின் வருட வருமானத்தில் இந்த மிதமான காற்று நாட்களுக்குப் பெரிய பங்கு உண்டு.

சாய்வும் சேர்ந்துகொள்கிறது. பட்டம் தரைக்கு மேலே பாதுகாப்பான உயரத்தில் சுற்ற வேண்டும், அதனால் கேபிள் சாய்ந்துதான் போக முடியும். 30 பாகை சாய்ந்தால் கேபிளின் திசையில் கிடைக்கும் காற்று 87 சதவீதம், ஆற்றல் அதன் மும்மடிப் பெருக்கம் என்பதால் 65 சதவீதம்தான் மிஞ்சும். எடை கூடக் கூட இந்த இரண்டும் ஒன்றையொன்று மோசமாக்கும்.

எம்600-க்கு நடந்தது இதுதான். 600 என்று பெயர் வைத்தார்கள், பறக்கவிட்டபோது சராசரி மின்சாரம் அந்த அளவை எட்டவில்லை. இறக்கை எதிர்பார்த்த அளவுக்குத் தூக்கவில்லை, இழுவை எதிர்பார்த்ததை விட அதிகம், எடையும் கூடிவிட்டது. இதைப் பின்னால் அவர்களே தங்கள் அறிக்கையில் விவரமாக எழுதினார்கள், இதே அளவில் நிஜமாகவே 600 கிலோவாட் கொடுக்க வேண்டுமென்றால் பட்டம் எப்படி இருக்க வேண்டும் என்று எம்எக்ஸ்2 என்ற புது வடிவத்தையும் வரைந்து வைத்தார்கள்.

என் கருத்து, 20-இலிருந்து 600-க்குத் தாவியதுதான் அவர்கள் செய்த பெரிய பிழை. நீளம் கூடக் கூடப் பரப்பு அதன் இருமடியாகவும் எடை அதன் மும்மடியாகவும் கூடும் என்பது விமானம் கட்டுகிற யாருக்கும் தெரிந்த விதி, அவர்களுக்கும் நன்றாகவே தெரியும். ஆனால் பெரிய காற்றாலைகளோடு போட்டி போட வேண்டும் என்ற அவசரம் இருந்தது. நடுவில் 100 கிலோவாட் அளவில் ஒன்றைச் செய்து ஆயிரக்கணக்கான மணி நேரம் ஓட்டியிருந்தால், எடை எங்கே ஏறுகிறது, இழுவை எங்கிருந்து வருகிறது என்பதெல்லாம் குறைந்த செலவில் தெரிந்திருக்கும்.

கார்மோய் கடல்

கலிபோர்னியாவில் சைனா லேக் பாலைவனத்திலும், பிறகு ஹவாயில் பார்க்கர் ரான்ச் மேய்ச்சல் நிலத்திலும் பறக்கவிட்டார்கள். 2019 பிப்ரவரியில் ஷெல் எண்ணெய் நிறுவனம் கூட்டுச் சேர்ந்தது, மக்கானி எக்ஸ் பிரிவிலிருந்து வெளியே வந்து கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் கீழ் தனி நிறுவனம் ஆனது. இலக்கு ஆழ்கடல். கடலடியில் கோபுரம் ஊன்ற முடியாத ஆழத்தில் ஒரு சின்ன மிதவை போதும், அதில் கேபிளைக் கட்டிப் பட்டம் விடலாம், கோபுரத்தைத் தாங்குகிற பெரிய மிதவை வேண்டாம் என்பது வாதம். நல்ல வாதம்தான்.

2019 ஆகஸ்டில் நார்வேயின் கார்மோய் தீவுக்கு வெளியே நடுக்கடலில் மிதவையிலிருந்து எம்600-ஐக் கிளப்பினார்கள். அடியில் ஆடும் மிதவை, மேலே 1,700 கிலோ பட்டம், நடுவில் மின்சாரம் பாயும் கேபிள். கிளம்பியது, வட்டமடித்தது, திரும்பி வந்து மிதவையில் தன் தாங்கியில் உட்கார்ந்தது. உலகத்தில் யாரும் அதுவரை செய்யாத வேலை. இதை ஒரு சாதனை என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. இரண்டாவது பறப்பில் பட்டம் கடலில் விழுந்து போய்விட்டது.

இதே கார்மோய் கடலில்தான் 2009-இல் ஹைவிண்ட் என்ற மிதக்கும் காற்றாலை நிறுவப்பட்டது, 2.3 மெகாவாட். சாதாரண மூன்று இறக்கைக் காற்றாலையை நீளமான எஃகு உருளை மேல் நிறுத்திய அமைப்பு, பார்க்க எந்தப் புதுமையும் இல்லை. அது விழவில்லை. 2017-இல் அதன் அடுத்த தலைமுறை ஸ்காட்லாந்து கடலில் ஐந்து காற்றாலைகளாக, மொத்தம் 30 மெகாவாட்டாக நின்று மின்சாரம் கொடுக்கத் தொடங்கிவிட்டது. மக்கானி எந்த ஆழ்கடலைத் தன் இடம் என்று நினைத்ததோ, அதில் மற்றவர்கள் வந்து உட்கார்ந்துவிட்டார்கள். 2019-இல் ராட்டர்டாமில் ஜிஈ நிறுவனம் 220 மீட்டர் சுழல் வட்டத்தோடு 12 மெகாவாட் காற்றாலையை எழுப்பியது. அந்த ஒன்றுக்கு ஈடாக எம்600-கள் இருபது வேண்டும், அதுவும் பெயரில் உள்ள 600-ஐ நம்பினால்.

2020 பிப்ரவரியில் ஆல்ஃபபெட் கையை விட்டுவிட்டது. தொழில்நுட்பம் முன்னேறியிருக்கிறது, ஆனால் சந்தைக்குப் போகும் பாதை நினைத்ததை விட நீளமாகவும் ஆபத்தாகவும் இருக்கிறது என்ற அர்த்தத்தில் காரணம் சொன்னார்கள்.

எதை எடுத்தார்கள், எதை வைத்தார்கள்

விலைப் போட்டி, எடை இரண்டும் பெரிய காரணங்கள். ஆனால் இவற்றுக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது, அதைத்தான் நான் அழுத்திச் சொல்ல நினைக்கிறேன். மக்கானி எஃகை எடுத்துவிட்டு அந்த இடத்தில் கட்டுப்பாட்டு மென்பொருளை வைத்தது. எஃகு தூங்கும்போதும் வேலை செய்யும். காற்றாலையில் சென்சார் பழுதானால், மென்பொருள் தடுமாறினால், இறக்கையைத் திருப்பி பிரேக் போட்டு நிறுத்திவிடலாம், ஆள் வரும் வரை அது அப்படியே நிற்கும். பட்டத்துக்கு நிற்பது என்ற நிலையே கிடையாது. காற்று செத்துப்போனால்கூட சும்மா இருக்க முடியாது, ஒன்று சுழலிகளைப் பல நூறு கிலோவாட் செலவழித்து ஓட்டி மிதக்க வேண்டும், இல்லையென்றால் இறங்க வேண்டும், திரும்பக் காற்று வந்தால் திரும்பக் கிளம்ப வேண்டும். இருபது வருட ஆயுள் என்று கணக்குப் போட்டால் ஆயிரக்கணக்கான முறை கிளம்பி இறங்க வேண்டும், ஒவ்வொரு முறையும் ஆள் இல்லாமல், நடுக்கடலில், இரவிலும் மழையிலும். பயணிகள் விமானத்தில்கூட ஓட்டுநர் இருக்கிறார், ஒவ்வொரு பயணத்துக்கும் இடையில் தரையில் பார்த்துச் சரிசெய்ய ஆள் இருக்கிறார்கள். இந்த அளவு நம்பகத்தன்மையை யூனிட்டுக்குச் சில ரூபாய் விலையில் கொடுப்பது என்பது, பறக்க வைப்பதை விடப் பல மடங்கு கஷ்டமான வேலை. எஃகைக் குறைத்து மிச்சம் பிடித்த பணம் இங்கே திரும்பப் போய்விடுகிறது.

சரி, அவர்கள் விட்டுப்போனது என்ன? 2020 செப்டம்பரில் மூன்று பாகங்களாகப் பெரிய தொழில்நுட்ப அறிக்கை, பறப்புப் பதிவுகள், கட்டுப்பாட்டு மென்பொருள், ஒரு ஆவணப்படம் எல்லாம் இலவசமாக வெளியே வந்தன. தங்கள் காப்புரிமைகளை வைத்து யார் மீதும் வழக்குப் போட மாட்டோம் என்றும் உறுதி கொடுத்தார்கள். ஒரு பெரிய நிறுவனம் தோற்ற திட்டத்தைப் பெட்டியில் போட்டுப் பூட்டாமல் இப்படித் திறந்து வைப்பதை நான் வேறு எங்கும் அதிகம் பார்த்ததில்லை. தமிழில் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் அந்த அறிக்கையைத் தேடிப் பிடித்து ஒரு தடவை புரட்டுங்கள், எடைக் கணக்கு எப்படிக் கைமீறிப் போகிறது என்பதற்கு அதை விட நல்ல பாடம் கிடைப்பது கஷ்டம்.

லாயிட் சொன்ன முதல் வழியில் போனவர்கள் மக்கானி மூடிய பிறகும் முயன்றார்கள். ஜெர்மனியின் ஸ்கைசெயில்ஸ் மொரீஷியஸ் தீவில் ஒன்றை நிறுவியது, டெல்ஃப்ட் பல்கலைக்கழகத்திலிருந்து கிளைத்த கைட்பவர் 2021-இல் அரூபா தீவில் சோதனை செய்தது, பிறகு அயர்லாந்துக்குப் போனது. இவர்களுடையது துணிப் பட்டம், ஜெனரேட்டர் தரையில், கயிற்றில் மின்சாரம் கிடையாது. சில நூறு கிலோவாட்டுக்குள் அடங்கும், மொத்தத்தையும் கன்டெய்னரில் ஏற்றிக் கொண்டுபோகலாம், பட்டம் விழுந்தாலும் போவது ஒரு துணிதான். வெயிலில் துணி நைந்து மாற்ற வேண்டிவரும், கயிற்றைத் திரும்பச் சுற்றும் நேரத்தில் மின்சாரம் நின்றுபோகும் என்ற குறைகள் உண்டு. டீசல் கப்பலில் வந்து இறங்கும் தீவுகளுக்கு அது பரவாயில்லை. ஆனால் இந்தப் பக்கமும் எல்லோருக்கும் வழி சுலபமாக இல்லை, கெட்டி இறக்கையில் முயன்ற நெதர்லாந்தின் ஆம்பிக்ஸ் பவர் 2022-இல் திவாலானது.

இனி யாராவது "பறக்கும் காற்றாலை கண்டுபிடித்துவிட்டோம்" என்று செய்தி போட்டால் நான் மூன்று விஷயம்தான் தேடுவேன். பட்டத்தின் எடை எத்தனை கிலோ, நொடிக்கு 6 மீட்டர் காற்றில் ஒரு முழுச் சுற்றின் சராசரி மின்சாரம் எவ்வளவு, கிளம்பினால் ஆள் தொடாமல் எத்தனை மணி நேரம் தொடர்ந்து பறந்திருக்கிறது. உச்சத் திறன் எத்தனை கிலோவாட் என்பதை எல்லோரும் பெரிய எழுத்தில் போட்டுவிடுகிறார்கள், இந்த மூன்றும் இருக்கிற செய்தியைத்தான் உட்கார்ந்து படிக்கலாம்.